நாற்பது வீட்டு ருசி

சிட்டு அம்மாவுக்கு,

இங்கு நலம். நீயும் மகளும் மருமகனும் குழந்தையும் நலம்தானே? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசுவது, மாத்திரை போட்டீர்களா, போட்டேன் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குள் பேத்தி போனைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால் எழுதுகிறேன்.

வீடு அப்படியே இருக்கிறது. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, வாளி வைத்திருக்கிறேன். அலமாரிக் கதவின் உள்பக்கம் நீ ஒட்டிவிட்டுப் போன அளவுப்படிதான் சமைக்கிறேன், ஒரு சிட்டிகை கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நீ எப்போது வருவாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வந்திருக்கும். உள்ளே அ, ஆ, இ என்று சீட்டு ஒட்டிய மூன்று சின்னப் பாட்டில்கள், மூன்றும் எலுமிச்சை ஊறுகாய். கூடவே ஓர் அட்டை. நீ பார்த்துச் சலித்த அட்டைதான். உப்பு, புளிப்பு, காரம், எண்ணெய், ஒவ்வொன்றுக்கும் குறைவு, சரி, அதிகம் என்று மூன்று கட்டம்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். கம்பெனி எனக்குக் கொடுத்த வேலை நாற்பது வீடு ஏறி இறங்கி, ருசி பார்க்கக் கொடுத்து, நாற்பது அட்டை வாங்கி வருவது. முதல் வருடம் ஒழுங்காகத்தான் செய்தேன். கதவைச் சாத்தினார்கள், நாயை ஏவினார்கள், விற்க வந்தவன் என்று விரட்டினார்கள். ஒருநாள் முழங்கால் வீங்கி வீட்டில் கிடந்தபோது மூன்று பாட்டிலையும் உன்னிடம் நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நீ பாத்திரம் கழுவிக்கொண்டே, முதலாவதில் புளிப்பு தூக்கல், இரண்டாவது தேவலை என்றாய். அதையே நாற்பது அட்டையிலும் எழுதினேன். நாலு பேனா, இடது கையில் கொஞ்சம், அங்கங்கே ஓர் அடித்தல். அந்த ஊறுகாய் சக்கைப்போடு போட்டது. அதன் பிறகு நான் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. பதினெட்டு வருடம் நாற்பது வீடாக இருந்தவள் நீ ஒருத்திதான். கூடத்தில் மாட்டியிருக்கும் கடிகாரம் அதற்காகக் கம்பெனி கொடுத்ததுதான்.

பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனாய். குழந்தை இப்போது நடக்கிறாள். நீ போன பிறகு இரண்டு முறை என் நாக்கையே நம்பி எழுதினேன். உப்பு அதிகம் என்று போட்டேன், அவர்களும் குறைத்தார்கள். இரண்டும் படுத்துவிட்டன. கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வருகிறது. சிலவற்றில் மூடிக்கடியில் வெள்ளையாகப் பூசணம். புது மேனேஜரம்மா, நம் சிட்டு வயதுதான் இருக்கும், என்னைக் கூப்பிட்டு, “மக்களோட ருசி மாறிடுச்சு சார். எப்படி மாறிச்சுன்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். இந்தத் தடவையும் சறுக்கினால் எலுமிச்சையையே நிறுத்தி, என் வேலையையும் எடுத்துவிடுவார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

வேறு வழியில்லாமல் போன வாரம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பதினோரு வீடுதான் முடிந்தது, முழங்கால் விடவில்லை. ஒரு வீட்டில் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டாராம். ஒரு பெண் இதில் சர்க்கரை போட்டால் ரொட்டியில் தடவிச் சாப்பிடலாமே என்றாள். ஓர் அம்மாள் ஊறுகாயைக் கொட்டிவிட்டுப் பாட்டிலை வைத்துக்கொள்வாராம், மூடி நல்ல இறுக்கம் என்று மெச்சினார். ஒரு வீட்டில் நாலு பேரும் நாலு நேரத்தில் சாப்பிடுகிறார்கள், பாட்டிலைத் திறக்க ஞாபகம் வருவதில்லையாம். கடைசி வீட்டில் ஒருத்தி மூன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “உங்க வீட்ல என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள். வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

களைப்பாக இருக்கிறது. நீ மூன்றையும் ருசி பார்த்து அட்டையை நிரப்பி அனுப்பினால் போதும். மற்ற இருபத்தெட்டையும் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சிட்டு அப்பா

⁂

சிட்டு அப்பாவுக்கு வணக்கம்.

பெட்டி உடையாமல் வந்தது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை வரவில்லை. குழந்தை தூங்குகிறாள், எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நீங்கள் மறைத்ததைச் சொல்லிவிட்டீர்கள். நானும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊறுகாயை நான் ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை. சிட்டு வயிற்றில் இருந்தபோது வந்த வாய்ப்புண், இன்றுவரை புளிப்பும் காரமும் பட்டால் ரணமாகிவிடும். இருபத்தேழு வருடமாக என் தட்டில் ஊறுகாய் இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். என் தட்டைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்குக் கிடையாது.

மூன்று பாட்டிலையும் நீங்கள் சோற்றோடு தொட்டுப் பார்க்கும்போது நான் உங்களைப் பார்ப்பேன். உப்பு கூடினால் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள். புளிப்பு கூடினால் இடது கண் சுருங்கும். சரியாக இருந்தால் விரலால் தட்டை வழிப்பீர்கள். பிறகு அட்டையோடு வந்து நிற்பீர்கள். கையில் சோப்பு நுரை, அடுப்பில் பால், இந்த மனிதர் நகர்ந்தால் போதும் என்று உங்கள் முகத்தில் பார்த்ததை உங்களிடமே சொன்னேன். ஆக, பதினெட்டு வருடம் ஊரே உங்கள் நாக்கைத்தான் சாப்பிட்டிருக்கிறது. பெரிய ஆள்தான் நீங்கள்.

இன்னொன்றும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் உங்களுக்கு ரத்த அழுத்தம் என்றார். உப்பைக் குறைக்கிறேன் என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பீர்கள். அதனால் மாதம் ஒரு சிட்டிகையாகச் சொல்லாமல் குறைத்தேன். அலமாரியில் ஒட்டியிருப்பது பாதி உப்பு. உங்களுக்குத் தெரியவே இல்லை. அதன் பிறகு நீங்கள் ஊறுகாய்க்கு எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாலும், உப்பு சரி என்றே சொல்லிவந்தேன். அந்த நாக்கை வைத்துக்கொண்டு உப்பு அதிகம் என்று எழுதினால் பாட்டிலில் பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும்? உங்கள் உயிருக்காகச் செய்தேன். அது உங்கள் வேலையில் போய் விடியும் என்று நினைக்கவில்லை. அதற்கு மட்டும் மன்னித்துவிடுங்கள்.

அந்த மேனேஜர் பெண்ணிடம் பதினோரு வீட்டில் கேட்டதை அப்படியே சொல்லுங்கள். பாட்டிலுக்காக வாங்குகிற அம்மாளையும் விடாதீர்கள். பதினெட்டு வருடத்தில் நீங்கள் கொண்டுபோகும் முதல் உண்மை அதுதான். வேலை போனால் போகட்டும். பொய்யாக எழுத இனி ஓர் அட்டைகூட என்னிடம் வாங்க முடியாது. நீங்கள் அனுப்பியதைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கு வந்த முதல் வாரம் சிட்டு, “உனக்கு என்னம்மா பிடிக்கும், அதையே செய்யலாம்” என்றாள். நான் சொன்னதெல்லாம் உங்களுக்குப் பிடித்தவை. அவள் போன பிறகு சமையலறையில் தனியாக அழுதேன். உங்கள் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அலுத்துப்போயிருந்தேன். இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு வருகிறேன். வெதுவெதுப்பான பாலும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்த ரொட்டி பிடிக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடப் பிடிக்கிறது. ஆறுவதற்கு முன்பே சாப்பிடப் பிடிக்கிறது.

மாத்திரையை விடாதீர்கள். குழாய்க்கு ஆளைக் கூப்பிடுங்கள், வாளி எத்தனை நாள் தாங்கும்? உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன்.

ஒரு நாள் கிளம்பி இங்கே வாருங்கள். பை வேண்டாம், பாட்டில் வேண்டாம். எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் தட்டைப் பாருங்கள். அதன் பிறகு ஊருக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டால், வருகிறேன்.

இப்படிக்கு,
சிட்டு அம்மா