மேலுக்குத் தேய்க்கிற தைலம்

உன் அம்மா இன்று காலை என் மேசையில் வைத்துவிட்டுப் போன பச்சைத் தைலக் குப்பி இறுக மூடித்தான் இருக்கிறது. இருந்தும் அறை முழுக்க அந்த மணம். சன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. எனக்கு இந்த மணமே ஆகாது. நீ இருந்தவரை அப்படி இல்லை.

மருத்துவமனையில் நோயாளி பக்கம் நின்று மருந்தைக் கவனிக்கிற, நாம் சேர்ந்து படித்த இந்தப் படிப்புக்கு ஏன் வந்தாய் என்று நான் கேட்டபோது நெஞ்சைத் தட்டிக் காட்டினாய். "உள்ள இருக்கது கடையில வாங்குன வால்வு, கேட்டியா? ரெத்தம் கட்டாம இருக்க சாவுற வர மாத்திர திங்கணும். அதப் படிச்சு வெச்சா நல்லதில்லா!" நீதான் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயிற்சிக் காலத்தில், தேங்காய்ப்பட்டணத்துப் பெரியவர் ஒருவர் ஈறில் ரத்தம் கசிந்து வந்து படுத்தார். அவருக்கும் உன் மாத்திரைதான். வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று சாதித்தார். நீ குனிந்து அவர் சட்டையை முகர்ந்தாய்.

"பாட்டா, மேலுக்கு என்ன தேய்ப்பிய?"

"அது மருந்தா பிள்ளே? துபாய்த் தைலமில்லா!"

நம் கரையில் யாருக்கு அது மருந்து? கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்கு ஒரு குப்பி கொடுப்பார்கள். தலைவலியானாலும் முட்டுவலியானாலும் அதுதான். தோல் வழியாக இறங்கி அந்த மாத்திரையின் வேகத்தை அது கூட்டிவிடும் என்று நீ சொல்லி நிறுத்திய பிறகுதான் பெரியவர் பிழைத்தார்.

அடுத்து சிக்குன்குனியா வந்தது. உன் ஊர் இனயத்தில் நடக்க முடிந்தவர்கள் குறைவு. நீயும் சுருண்டுவிட்டாய். போனில் உன் குரல் தேய்ந்திருந்தது. "அம்ம மேலெல்லாம் தைலந்தாம்ட்டி தேய்க்கா. கையில ரெத்தங்கன்னி நீலமாட்டு ரெண்டு பாடு."

"வேண்டாம்ணு சொல்லு. இப்பமே போய் ரெத்தம் பாரு!" என்று கத்தினேன்.

"அவ அழுதுகிட்டே தேய்க்கா. வேண்டாம்ணு சொல்ல மனசு வரல. திங்கக்கிழம போறேன்."

ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும் முன்பே மூளைக்குள் ரத்தம் கசிந்து நீ போய்விட்டாய். எல்லோரும் காய்ச்சல் என்றார்கள். நானும் அதையே சொன்னேன்.

இப்போது உன் அம்மாவுக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறு. அதே மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். மருந்தை விளக்கிச் சொல்வது என் வேலை. சொல்லாமல் விட்டால் அவர் உயிருக்கே ஆபத்து.

"தைலம் மட்டும் இனி வேண்டாம்மா."

"அது ஏன் மக்கா?"

சொன்னேன். கண்ணைப் பார்க்காமல், மெதுவாக. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "அப்பம் எம் பிள்ளைக்கு நான்..."

"காய்ச்சல்தாம்மா" என்றேன். பையிலிருந்து குப்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நீ எல்லாம் தெரிந்தேதான் அந்தக் கைகளைத் தடுக்காமல் இருந்தாய் என்பதை நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் ரத்தம் பார்க்க மறுபடி வருவார். என்னைப் பார்த்ததும், தைலம் ஆகாதென்று உனக்குத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்.