மஞ்சள் தண்ணீரில் போட்ட குழல்

16-7-61, ஞாயிறு. காலை.
சாரல். கொடியில் துணி எதுவும் காயவில்லை. இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என் தப்பையும் சேர்த்து.
அப்பாவோடு குற்றாலம் போகிறேன், பழைய புல்லாங்குழல் வாங்க. பாட்டு டீச்சர் (இனி பா.டீ.) குழல் வகுப்பில் ஒரே ஓர் இடம் பாக்கி. "புதன்கிழமை குழலோடு வா. இல்லேன்னா அந்த இடம் கோமதிக்கு." கோமதி என் பெஞ்சுதான். அவள் வீட்டில் புதுக் குழலே இருக்கிறது.

அதே நாள். மாலை.
விற்றவர் முன்பு நாடகங்களுக்கு வாசித்தவர். சீசனுக்கு வந்து தங்கியிருக்கிறார். காட்டியது மூன்று.
1. நீளம். கடைசித் துளைக்கு என் விரல் எட்டவில்லை. அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. "வளருத பிள்ளைதான, விரலும் வளரும்." பாவாடைக்கு மடிப்பு விட்டுத் தைக்கிற மாதிரி.
2. கலர் நூல் சுற்றியது. அழகு. ஊதினால் வெறும் காற்று.
3. குட்டை. எண்ணெய் குடித்துக் கறுத்தது. பா.டீ. சொன்னபடி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன். கீறல் இல்லை. எல்லாத் துளையும் மூடி ஊதினேன். அடிச்சுரம் ஆடாமல் நின்றது.
இதுதான் என்றேன். அப்பா மறுபடி நீளத்தைக் காட்டினார். விற்றவர், "அண்ணாச்சி, ஊதப்போறது நீங்களா, பிள்ளையா?"
பஸ்ஸில் அப்பா: "ஏட்டி, அம்மாட்ட புதுசுன்னு சொல்லிரு. பழசுன்னா ஆடுவா."
அம்மா கேட்டாள். பழசு என்று சொல்லிவிட்டேன். காலையில்தானே இதில் எழுதினேன்.
"எவனோ எச்சில் பண்ணுனத என் பிள்ளை வாயில வைக்கணுமாக்கும்."

17-7-61, திங்கள்.
கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து மோசம்.
நான் பள்ளிக்கூடம் போனதும் அம்மா குழலைக் கொதிக்கிற மஞ்சள் தண்ணீரில் போட்டிருக்கிறாள். வெயில் இல்லை, அதனால் அடுப்பு ஓரத்தில் காயவைத்திருக்கிறாள். மூங்கில் வெடித்துவிட்டது. வாய்த்துளையிலிருந்து இரண்டாம் துளை வரை, நகம் நுழையும் அகலம். ஊதினால் புஸ்.
"செம்பு வாங்குனா கழுவாமலா புழங்குதோம்?"
"செம்பு பாடுமா?" என்றேன்.
"வாயப் பாரு."
அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நான் அப்பமே சொன்னேன். சத்தியவந்தி கேக்கல."
அம்மா மேல் கோபம். அப்பா மேல் அதைவிட. இந்த நோட்டு மேலும். புதுசு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் குழல் முழுசாக இருந்திருக்கும். இந்த வரியை அடிக்கப் போவதில்லை.
சாப்பிடவில்லை. (அப்பளம் மட்டும்.)

18-7-61, செவ்வாய்.
சாரல் விடவில்லை. கணக்கு வீட்டுப்பாடம் செய்யாமல் போனேன், முதல் தடவை.
கோமதி: "குழல் வாங்கிட்டியாமே. கொண்டா, பாப்பம்." நாளைக்கு என்றேன். அது பொய்யா இல்லையா, நாளைக்குத்தான் தெரியும்.
மாலை அம்மா குழலை எடுத்தாள். கீறலில் மெழுகு தேய்த்தாள். பூக்கட்டும் நூலை நனைத்து, பிச்சிப்பூ தொடுக்கிற இறுக்கத்தில் சுற்றினாள். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். முடித்து நீட்டினாள். "ஊதிப் பாரு."
மேல் சுரங்கள் வந்தன. மஞ்சள் வாசம். அடிச்சுரம் கரகரத்து நின்றுவிட்டது.
"வருதா?"
அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்று சொல்லவாம்.
"மேல வருது. அடி வரல."
 அம்மா குழலை வாங்கி, சுற்றிய நூல் அத்தனையும் பிரித்தாள். மறுபடி முதலிலிருந்து.
என் கோபம் போகவில்லை. அதையும் எழுதிவிட்டேன்.
ஒன்பது மணி. அம்மா இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அப்பா சுவிட்ச் பக்கம் போகிறார். நான் வேண்டாம் என்பதற்குள் அம்மா, "அணைச்சிருங்க. பூக்கட்டுத கைக்கு வெளிச்சம் எதுக்கு."
லைட் அணைச்சாச்சு.