படபடப்பு: இல்லை

அக்கா,

நேற்று பீரோவில் பழைய சான்றிதழ்களைத் தேடியபோது அந்த மஞ்சள் அட்டை கையில் வந்தது. அம்பத்தூர் கிளினிக்கில் நமக்குக் கொடுத்தது. வாராவாரம் எடை எழுதியிருக்கிறது. பக்கத்தில் 'படபடப்பு' என்ற கட்டத்தில், மூன்று வாரம் 'இல்லை' என்று நர்ஸின் கையெழுத்து. மூன்றும் நான் சொன்ன பொய்.

எண்பதுகளின் கடைசி. அந்த மாடி அறையில் குண்டான பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பசியை அடக்க ஒரு மாத்திரை, தைராய்டு ஹார்மோன் ஒரு மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு இளைக்கும் என்று சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்லி டாக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பெண் கொஞ்சம் இளைத்தால் பேசலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டுப் போனதால் நான் பட்டாபிராமிலிருந்து வந்தேன். நீங்கள் பூந்தமல்லியிலிருந்து வந்தீர்கள். "தொழும்போது குனிஞ்சா எழுந்துக்க முடியல கண்ணு, அதுக்குத்தான்" என்றீர்கள்.

சில நாளிலேயே என் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. விரல் நடுங்கிச் சோறு பிசைய முடியவில்லை. படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்கும். செத்துவிடுவேனோ என்று பயம். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களே என்று அதைவிடப் பயம். நர்ஸ் நாடி பிடித்து முகம் சுளித்தால், "மாடி ஏறி வந்தேன் சிஸ்டர்" என்பேன்.

நான்காவது வாரம் கிளினிக்குக்குப் போகும் வழியில், ஸ்டேஷன் படிக்கட்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். எனக்காகக் கீழே காத்திருந்த நீங்கள் மூச்சு வாங்க ஏறி வந்தீர்கள்.

"இன்னாடி, கை இப்புடி நடுங்குது? நெஞ்சு அடிச்சிக்குதா?"

தலையாட்டினேன்.

"எத்தினி நாளா?"

"இன்னிக்குதான்க்கா."

என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "எனக்கு ஒரு வாரமா அப்படித்தான் கீது. எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிகினு வாயத் தொறக்கல. வா, போய் சொல்லிடலாம்."

டாக்டர் இருவருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார். என் தாளை மேசையில் வைத்தார். உங்களுடையதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார். "ஏம்மா முன்னாடியே சொல்லல?" அவர் குரலே மாறியிருந்தது. அன்றே எல்லோருக்கும் மாத்திரையை நிறுத்தினார்கள். உங்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் ஏறும்போது, "பயந்துக்காத, ஊட்டுக்குப் போய் நல்லா சாப்புடு" என்றீர்கள்.

எனக்குப் பத்து நாளில் சரியாகிவிட்டது. நீங்கள் அந்த ரம்ஜானைப் பார்க்கவில்லை. இருதயத்தில் பழைய கோளாறு இருந்தது என்றார்கள். மாத்திரையாலா, அந்தக் கோளாறாலா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. உங்கள் வீட்டுக்காரர் வந்திருந்தார். "நீ சொன்னதாலதான்மா அவளும் சொன்னா. நல்லா இரு" என்று வாழ்த்தினார். மணமேடையில் அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

படிக்கட்டில் உங்களிடமும் பொய்தான் சொன்னேன் அக்கா. அன்றைக்குத் தொடங்கியதல்ல அது. மூன்று வாரத்துக்கு மேலாக இருந்தது. முதல் தடவையே நான் வாய் திறந்திருந்தால், உங்கள் நெஞ்சு அடிக்கத் தொடங்கும் முன்பே மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அவரும் இல்லை. இன்றும் யாராவது நாடி பார்க்க மணிக்கட்டைத் தொட்டால், என் கை சில்லிட்டுப் போகிறது.