ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டிய மாத்திரை

மச்சான்,

பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததே, அந்தப் புயல் போய் அடுத்து வந்த ஆனி மாதம் அது. மலேசியாவில் வாழ்க்கைப்பட்ட உன் மகள் செல்வியைப் பார்க்க நீயும், உன் வீட்டுக்காரியான என் தங்கச்சியும், நானும் போனோம்.

இப்போது செல்வி கடலூருக்கு வந்திருக்கிறாள். என்னையும் ஒரு மாதம் அங்கே கூட்டிப்போகிறாளாம். என் சர்க்கரை மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டையும் சேர்த்து, இன்று ஒரு பையில் போட்டாள். அந்த அட்டை மொறுமொறுத்த சத்தம் கேட்டதும், "உங்கப்பனுக்கு ஒரு கடுதாசி எழுதணும் தாயி" என்றேன்.

"செத்துப்போனவருக்கா? ஒனக்கு என்னா மாமா ஆச்சு?" என்றாள். ஆனாலும் பேனாவை எடுத்துவிட்டாள். நான் கைநாட்டுதானே. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன், அவள் எழுதட்டும்.

புறப்பட்ட அன்று பெட்டி மூட வரவில்லை. உன் பிரஷர் மாத்திரை அட்டைகளைப் பிதுக்கி, எல்லாவற்றையும் ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டினேன். "அதுல பேரு போட்டிருக்குமே மச்சான்" என்றாய்.

"ஆமா, நீ படிச்சிக் கிழிக்கப்போற! காலையில வெள்ளை, ராவுக்கு மஞ்சள். நெறம் தெரிஞ்சா பத்தாதா?"

நீ சிரித்தாய். அட்டையும் சீட்டும் குப்பைக்குப் போயின. தங்கச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊர் ஈரக்காற்றில் பத்தே நாளில் மாத்திரையெல்லாம் ஊறிப் பிசினாக ஒட்டிக்கொண்டது. செல்விக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நாலு நாள் ஒன்றும் போடாமல் இருந்தாய். தலை சுற்றிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கிளினிக்கில் டாக்டரம்மா, "மருந்து பேரு என்ன?" என்று கேட்டார். "வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணும்மா" என்றேன் நான். மாத்திரை வாங்கிய சிதம்பரத்து மருந்துக்கடைக்குப் போன் போட்டோம், யாரும் எடுக்கவில்லை. அன்று ஆனித் தேர். கடை பூட்டியிருந்தது.

"அட்டையெல்லாம் யாருப்பா பிரிச்சது?" என்று செல்வி கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்: "நான்தாம்மா. பெட்டியில எடம் ஜாஸ்தி அடைச்சுது."

டாக்டரம்மா ஏதோ மாத்திரை கொடுத்து, மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். விடிந்து பல் விளக்கப் போன நீ அங்கேயே சரிந்தாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாய்.

"எங்கப்பா தன் உசுரைத் தானே கெடுத்துக்கிட்டாரு" என்று செல்வி இன்றைக்கும் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டியிருக்கிறேன். "அவுரு சொன்னதே இருக்கட்டும் அண்ணே" என்று என்னைத் தடுத்த தங்கச்சியும் போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

செல்வியின் பேனா நின்று நின்று போகிறது மச்சான். "நிறுத்தாத தாயி, எழுது" என்கிறேன். "பிதுக்குனது உங்கப்பன் இல்லேன்னு எழுது." அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். இப்போது நீ இல்லை மச்சான். தங்கச்சி இல்லை. மீதி இருப்பவன் உன் மச்சான் வைத்தியலிங்கம்.