குரல் இல்லாத மூன்றாம் பகுதி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

அம்மாவுக்காக நீ எழுதிய திருப்பலி இசையின் மூன்றாம் பகுதி இதுவரை நீக்கப்படவில்லை. இன்று காலை பங்குத்தந்தையே தொலைபேசியில் சொன்னார். முடிவாகிவிட்டது என்று வேறு யாராவது எழுதினால் நம்பாதே.

என் கால்வீக்கம் குறைந்திருக்கிறது. சமையல் நானேதான். உப்பு மட்டும் இன்னும் என் கைக்கு வசப்படவில்லை.

பாடகர்களும் காற்றுக்கருவிக் குழுவும் நேற்றுதான் முதல்முறையாகக் கோயிலில் சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். பாடகர்கள் பீடத்தின் படிகளில், கருவிக்காரர்கள் கீழே. பெஞ்சுகளை நகர்த்தியும் இடம் போதாமல் ட்யூபாக்காரர் தன் பெரிய குழலோடு பாவசங்கீர்த்தனக் கூண்டின் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். கிளாரினெட் வாசிக்கும் பெண், "இவ்ளோ பெரிய பாவத்தோட உள்ள நுழைய முடியாதுண்ணே" என்று அவரைக் கிண்டல் செய்தாள். முதல் இரண்டு பகுதிகளும் நன்றாக வந்தன. டிராம்போன்கள் பெண்குரலை அமுக்குகின்றன என்று அவற்றின் வாயைத் தரைப்பக்கம் திருப்பி வாசிக்கச் சொன்னார் இசை நடத்துநர். அதன்பின் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

மூன்றாவதில்தான் சிக்கல். பாடகர்கள் பேசாமல் நிற்க, கருவிகளில் சுரம் எழுப்பாமல் வெறும் காற்றை ஊதச் சொல்லியிருக்கிறாய். ஊதினார்கள். உடனே மைக்செட்காரர் ஓடிவந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். "எங்கயோ இரைச்சல் வருதுங்க, ரெண்டு நிமிஷம்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நடத்துநர் சிரிக்கவில்லை. "வர்றவங்களும் மைக் ரிப்பேர்னுதான் நெனப்பாங்க சார். இத விட்டுட்டு நேரா நாலாவதுக்குப் போயிடலாம். பொண்ணுகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். பங்குத்தந்தையும் தலையசைத்தார்.

இன்னொருமுறை கேட்கிறேன் என்றேன். ஊதினார்கள். இழுத்து ஒரு மூச்சு. நிற்கிறது. நின்றேவிட்டது என்று தோன்றும்போது இன்னொன்று, அதைவிடச் சிறியதாக.

அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவின் காதில் போனை வைத்தேன். நீ பேசி ஓய்ந்ததும் அதைத் தலையணையிலேயே விட்டுவிட்டேன். நீ துண்டித்திருப்பாய் என்று நினைத்தேன். துண்டிக்கவில்லை என்பது நேற்றுதான் தெரிந்தது. அம்மாவின் மூச்சுக்கு நடுவே இருந்த இடைவெளிகள்கூட அப்படியே இருக்கின்றன, மகளே. அந்த அறையில் கடைசிவரை நான் ஒருவன்தான் இருந்தேன் என்று இத்தனை மாதமும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அம்மா போறப்ப பக்கத்துல இல்லாதவ, இப்ப பாட்டு எழுதி என்ன ஆகப்போகுது" என்று உன் சித்தி கேட்டபோதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். நேற்று மாலை அவளிடம் இதைச் சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதாள்.

மற்றவர்களிடம் சொல்லவில்லை. அது உன்னுடையது. உன்னைக் கேட்காமல் எதையும் எடுக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். "அப்ப அவங்களே வந்து நின்னு நடத்திக் காட்டட்டும் சார், நான் கேட்டுக்கிறேன்" என்றார் நடத்துநர். கோபமாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அம்மாவின் முதலாண்டுத் திருப்பலிக்கு முந்தைய கடைசி ஒத்திகை இந்த மாதக் கடைசி வியாழன் மாலை. அது முடிந்ததும் முடிவு சொல்வதாகப் பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். உனக்கு லீவு கிடைத்ததா என்பதுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை எழுது. ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னோடு அந்த அறையில் இருந்த
அப்பா