வலிக்காத பெருவிரல்

செவ்வாய், இரவு

மகள் ஷாலினியின் பாலே நடனச் சப்பாத்து மனதை விட்டுப் போகவில்லை. சிரம்பானில் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஆட்டம் சொல்லித்தர ஆளில்லை, கைப்பேசியைப் பார்த்துத்தான் கற்கிறாள். கால்விரல் நுனியில் நின்று ஆடக் கெட்டியாக இருக்க வேண்டிய சப்பாத்தின் முனை இளகிவிட்டதாம். தோட்டத்து ரப்பர் பாலை உள்ளே ஊற்றி உறைய வைத்திருக்கிறாள். சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு விரல்நுனியில் நின்று காட்டினாள். கணுக்கால் நடுங்கியது.

"வலிக்கலையாடி?"

"முன்னதான்மா வலிச்சிச்சு. இப்ப ஒண்ணுமே தெரியல லா. பழகிப்போச்சு."

எண்ணெய் தேய்க்கிறேன் என்று காலை நீட்டச் சொன்னேன். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அவள் கைப்பேசியில் அடுத்த பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரலை மட்டும் மெதுவாகக் கிள்ளினேன். அசையவில்லை. பிறகு என் நகம் பதியக் கிள்ளினேன்.

கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"எண்ணெய் தேய்க்கிறேன்னியே, எப்பம்மா தேய்ப்ப?"