முழங்காலில் வைத்த பனிக்கட்டி

அன்புள்ள துறுதுறுவுக்கு,

விடியுமுன் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடக் கிளம்புபவள் என்பதால்தான் உனக்கு அப்பெயரை வைத்தேன். இந்த வாரமோ நீ போர்வையை விட்டே எழவில்லை. நேற்று உன் முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்தபோது, “வலி கால்ல இல்லப்பா. மைதானத்த நெனச்சாலே படபடங்குது, அழுகையா வருது” என்றாய். நானோ, “பேசாம இரு, ஐஸ் வச்சா சரியாயிடும்” என்று பையை இன்னும் இறுக்கிக் கட்டினேன். மனம் களைத்த பிள்ளைக்கு முழங்காலில் கட்டுப் போட்ட புத்திசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அத்தோடு நின்றேனா? பயிற்சியாளர் தொலைபேசியில் விசாரித்தபோது, தசைப்பிடிப்பு என்று பொய் சொன்னேன். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற வெட்கம். அதை நம்பி அவர் இன்று மாலை உன் காலைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். “அவர் முன்னால கொஞ்சம் நொண்டிக் காட்டும்மா” என்று இரவு நான் சொன்னதும், நீ கதவைச் சாத்திக்கொண்டாய். சாத்தியது நியாயமே.

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. சாவியை எடுத்துச் செல்கிறேன். எனக்காக எழுந்துவர வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. நாள்தோறும் உன் கட்டிலருகே ஓட்டக் காலணியை எடுத்துவைப்பவன் நானே. இன்று வைக்கவில்லை.

மற்றொன்று. மனநல மருத்துவரிடம் போகலாமா என்று நீ முன்பே கேட்டாய். நீ சொல்லும் நாளில் உடன் வருவேன், வெளியே அமர்ந்திருப்பேன்.

இப்போது மைதானத்துக்குப் போகிறேன். உன் காலில் ஒன்றுமில்லை, நான் சொன்னது பொய் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிடுவேன். மற்றதைச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.